சொரசொரப்பின் கணக்கு: ராம்கிங்கர் பைஜின் சிற்பங்களை முன்வைத்து

1

நம் எழுத்தைப் பற்றி இரண்டு விதமான பேச்சு இருக்கிறது. பச்சையாக இருக்கிறது, இன்னும் கலையாகவில்லை என்பது ஒன்று. பச்சையாக இருக்கிறது, அதனால்தான் உயிரோட்டமாக இருக்கிறது என்பது இன்னொன்று. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி 1990களின் தொடக்கத்தில் தமிழில் தலித் இலக்கியம் என்ற பேச்சு எழுந்த நாளிலிருந்து மேடையிலும் மதிப்புரையிலும் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டு வருகிறோம். முதலாவதைக் கேட்டால் நமக்குக் கோபம் வருகிறது. இரண்டாவதைக் கேட்டால் கொஞ்சம் குளிர்ந்து போகிறோம். இரண்டும் ஒரே பேச்சுதான் என்பது என் கட்சி.

ஏனென்றால் இரண்டுமே ஒன்றைத்தான் சொல்கின்றன. இதை எழுதியவன் இதைச் செய்யவில்லை, இது அவனுக்கு வந்துவிட்டது. வியர்வை வருவதுபோல, அழுகை வருவதுபோல. அறிவு, பயிற்சி, தேர்வு, கணக்கு இதெல்லாம் ஒரு தரப்புக்கு. அனுபவம், வலி, உடம்பு இதெல்லாம் இன்னொரு தரப்புக்கு. தலையில் பிறந்தவன் யோசிக்கிறான், காலில் பிறந்தவன் உழைக்கிறான், காலுக்கும் வெளியே நிறுத்தப்பட்டவன் கத்துகிறான் என்ற பழைய பங்கீடுதான் இது. மனு எழுதி வைத்ததை விமர்சகர் படி எடுக்கிறார், அவ்வளவுதான்.

இதை ஒரு தலித் நூலை வைத்து நான் பேசப்போவதில்லை. ஒரு சிற்பியை, ஓவியரை வைத்துப் பேசப்போகிறேன். சாந்திநிகேதனில் ராம்கிங்கர் பைஜ் (1906-1980) செய்து நிறுத்திய சிற்பங்களைப் பார்த்துவிட்டு வந்து எழுதுவது இது. நான் ஆரணிக்காரன். பட்டுத்தறி ஊர். காட்பாடியில் ரயிலேறி ஹவுரா, அங்கிருந்து போல்பூர் என்று போனவன். கலை வரலாறு படித்தவன் கிடையாது. ஆனால் ஒரு பொருள் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்க்கத் தெரியும். தறிக்குழிப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு முதலில் பிடிபடுவதே அதுதான்.

2

முதலில் அவர் பெயர்.

இன்றைய மேற்கு வங்காளத்தின் பாங்குராவில் முடிதிருத்தும் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் ராம்கிங்கர். குடும்பப் பெயர் பரமாணிக். அங்கே அந்தப் பெயரைச் சொன்னால் தொழில் தெரிந்துவிடும், தொழில் தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் தலைவர்களின் படங்களை வரைந்து கொடுத்துக்கொண்டிருந்த இந்தப் பையனை, அதே பாங்குராவைச் சேர்ந்த பத்திரிகை ஆசிரியர் ராமானந்த சட்டர்ஜி கண்டெடுத்து 1925ல் சாந்திநிகேதனுக்கு அனுப்பினார். அதற்குப் பிறகுதான் பரமாணிக் உதிர்ந்து பைஜ் வந்தது.

பைஜ் என்பது வைத்தியர் என்ற சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். இந்த மாற்றம் நம்மூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். இங்கேயும் அதே தொழில் சாதியினர் தங்களை மருத்துவர் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். தமிழக அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் மருத்துவர், நாவிதர் என்று பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கத்தி பிடித்த அதே கை கட்டியை அறுத்தது. அந்த வீட்டுப் பெண்கள் ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்தார்கள். ஊர் என்ன செய்தது? மருத்துவத்தைக் கழித்துவிட்டு மயிரை மட்டும் அவர்கள் கணக்கில் எழுதியது. அறிவைக் கழித்துவிட்டு வேலையை மட்டும் சாதிப் பெயராக வைப்பது, உழைக்கும் சாதிகள் எல்லாவற்றுக்கும் நடந்ததுதான். தோலைப் பதப்படுத்தத் தெரிந்தவனுக்கு ரசாயனம் தெரியும் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? ராம்கிங்கர், கழிக்கப்பட்டதைத் திரும்பப் பெயரில் ஏற்றிக்கொண்டார் என்று நான் வாசிக்கிறேன்.

ஒன்றைச் சொல்லிவிடணும். அவர் தலித் அல்ல. நம் சேரிக்கும் முடிதிருத்துபவருக்கும் உள்ள உறவு இனிப்பான உறவும் அல்ல. ஊரில் முடிவெட்டுகிற கை சேரித் தலையைத் தொடாது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் நம் ஆட்கள் ஒருத்தர் தலையை ஒருத்தர் வெட்டிக்கொண்டதும், டவுனுக்கு வந்து சாதி சொல்லாமல் கடையில் உட்கார்ந்ததும் என் அப்பா காலத்துக் கதை. தொட்டால் ஊர் அந்தக் குடும்பத்தை விலக்கிவிடும் என்ற பயம் அதற்குப் பின்னால் இருந்தது என்பதும் உண்மை. படிக்கட்டில் அவருக்கும் நமக்கும் வேறு வேறு படி. அதை மறைத்துவிட்டு அவரை 'நம்மவர்' என்று தூக்கிக்கொண்டு வர எனக்கு விருப்பமில்லை.

ஆனால் கலை உலகம் அவருக்குச் செய்தது நமக்குச் செய்வதுதான். சந்தால்களைச் சிற்பமாகச் செய்தவர், குடித்தவர், எளிமையாக வாழ்ந்தவர். ஆகவே அவரே ஒரு ஆதிவாசி என்ற கதை பரவியது. இன்றைக்கும் பலர் அதை நம்புகிறார்கள். இந்தப் பிழை ஏன் இவ்வளவு சௌகரியமாக நிலைத்தது என்று கேட்கணும். முடிதிருத்தும் வீட்டுப் பையன் ஒருவன் உட்கார்ந்து படித்து, பழகி, நவீன இந்தியச் சிற்பத்தைத் தொடங்கி வைத்தான் என்றால் அங்கே ஒரு கேள்வி எழும்: மற்ற பிள்ளைகள் எங்கே? காட்டிலிருந்து வந்த ஒரு மேதை, மண்ணிலிருந்து முளைத்தவன் என்றால் ஒரு கேள்வியும் எழாது. மேதைக்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை, இடஒதுக்கீடு தேவையில்லை. கைதட்டினால் போதும். வங்காளத்தில் சாதி கிடையாது, வர்க்கம்தான் என்று நமக்கு வகுப்பெடுப்பவர்கள் உண்டு. 1946ல் ஜோகேந்திரநாத் மண்டலும் வங்காளத்துத் தாழ்த்தப்பட்டோரும் நின்றுதான் அம்பேத்கரை அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பினார்கள் என்பதை அவர்கள் வகுப்பில் சொல்லுவதில்லை.

படிப்பு விஷயத்துக்கு வருவோம். பாங்குராவில் சாமி உருவம் செய்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து களிமண் பழகியவர் ராம்கிங்கர். கலா பவனத்தில் நந்தலால் போஸிடம் படித்தார். அங்கே வந்த ஆஸ்திரியச் சிற்பி லிசா வான் பாட், பிரெஞ்சுச் சிற்பி பூர்தெலின் மாணவியான மார்கரெட் மில்வார்டு ஆகிய இரண்டு பெண்களிடம் உருவம் சமைக்கும் நுட்பங்களைத் தெரிந்துகொண்டார். பிறகு சிற்பத்துறைக்கே பொறுப்பேற்று ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தார். இவரைத்தான் 'இயல்பாக வந்தவர்' என்கிறார்கள்.

3

கலா பவன வளாகத்தில் வானத்துக்கடியில் நிற்கிறது 'சந்தால் குடும்பம்'. 1938ல் செய்தது. இந்தியாவின் முதல் நவீன பொதுவெளிச் சிற்பம் என்று இதைச் சொல்வதுண்டு. ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கிறது. ஆண் தோளில் காவடிக் கம்பு. தொங்குகிற கூடையில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் பெண் நடக்கிறாள். கூடவே ஒரு நாய். வீட்டில் இருந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு எங்கேயோ போகிறார்கள்.

இது வெண்கலமும் இல்லை, பளிங்கும் இல்லை. சிமெண்டும் அந்த வீர்பூம் மாவட்டத்துச் செம்மண் சரளையும். இரும்புக் கம்பியால் எலும்புக்கூடு கட்டி, கலவையைக் கை கையாக அள்ளி அதன்மேல் அறைந்து உருவத்தை ஏற்றியிருக்கிறார். வெண்கலம் வார்க்கக் காசு வேணும். சிமெண்டும் சரளையும் மலிவு. காரணம் அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் அதோடு முடிந்துபோகவில்லை.

என்னோடு வந்தவர் என் அக்கா வீட்டுக்காரர். கொத்தனார். முப்பது வருஷமாக ஆரணி, போளூர், செய்யாறு பக்கம் வீடு கட்டுகிறவர். அவருக்குச் சிற்பம் பார்க்கும் ஆசையெல்லாம் கிடையாது, என்னைத் தனியாக விட மனசில்லாமல் வந்தவர். அவர் அந்தக் குடும்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். எனக்குத் தெரிந்து அன்றைக்கு அங்கே நடந்த நல்ல விமர்சனம் அவர் செய்ததுதான்.

"மச்சான், இதுல கரண்டியே படல பாரு. கையால அடிச்சிகீறாரு."

"ஏன் மாமா, பூசி வழவழன்னு ஆக்கியிருக்கலாமே?"

"மணியாசு புடிச்சா ஒரு நாள் வேல. ஆனா பூசிட்டா என்னா ஆவும்? பொம்ம ஆயிடும். இதுல பாரு, வெயிலு அந்தக் கல்லு கல்லுல ஏறி எறங்குது. அதான் நடக்குற மாரி கீது. வேல தெரியாதவன் இப்பிடி உட்டா காறை உதுந்துடும். வேல தெரிஞ்சவந்தான் எங்க நிறுத்தணும்னு நிறுத்துவான்."

இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல என்னால் முடியாது. சொரசொரப்பு என்பது முடிக்காமல் விட்டது அல்ல. எங்கே நிறுத்துவது என்று எடுத்த முடிவு. சரளை எத்தனை, சிமெண்ட் எத்தனை, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரத்துக்குள் அறையணும், எந்த இடத்தில் பள்ளம் விட்டால் நிழல் விழும் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு இருக்கிறது. கலவை காத்திருக்காது. இறுகிவிடும். அந்த நேரத்துக்குள் தீர்மானிக்கிற மூளை வேணும். எண்பது வருஷத்துக்கும் மேலாக வெயிலிலும் மழையிலும் அது நிற்கிறது என்றால் அது ஆவேசத்தில் வந்தது கிடையாது.

அந்தச் சரளைக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. சந்தால்கள் வெட்டித் திருத்திய மண் அது. அவர்கள் உடம்பை அவர்கள் நடந்த மண்ணாலேயே செய்திருக்கிறார். சாமி சிலைக்குக் கருங்கல், ராஜாவுக்கு வெண்கலம், வெள்ளைக்காரப் பிரபுவுக்குப் பளிங்கு என்ற பொருள்களின் வர்ணாசிரமம் ஒன்று இருக்கிறது. அதை ராம்கிங்கர் உடைத்தார். ரோடு போடுகிற பொருளால் ரோட்டில் நடப்பவர்களைச் செய்தார்.

4

பக்கத்தில் இன்னொரு சிற்பம், 'ஆலைச் சங்கு'. 1956ல் செய்தது. இரண்டு சந்தால் பெண்கள் ஓடுகிறார்கள். ஆலையில் சங்கு ஊதிவிட்டது. நனைந்த துணியைக் காற்றில் பிடித்துக் காயவைத்துக்கொண்டே ஓடுகிறார்கள். பின்னால் ஒரு பிள்ளை.

துவைத்த துணி காய்வதற்கு நேரம் இல்லை. ஏன் இல்லை? மாற்றுத்துணி இருந்தால் கொடியில் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்று நான் யோசித்தேன். பட்டு விளைகிற ஊரிலிருந்து போனவன் கண்ணுக்கு இந்தத் துணிதான் முதலில் படும். பாய்மரம் மாதிரி விரிந்திருக்கிறது. சிமெண்டால் காற்றைச் செய்திருக்கிறார் மனுசன். அந்தப் பெண்கள் பரிதாபமாகவும் இல்லை. அவசரமாக இருக்கிறார்கள், சிரிக்கிற மாதிரிகூட இருக்கிறார்கள். இரக்கப்பட வருகிறவனுக்கு நின்று முகம் கொடுக்க அவர்களுக்கு நேரமில்லை.

இதைப் பார்க்கும்போது சென்னைக் கடற்கரை உழைப்பாளர் சிலை ஞாபகம் வராத தமிழன் இருக்க முடியாது. அதைச் செய்ததும் ஒரு வங்காளிதான். தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னை ஓவியப் பள்ளியின் முதல் இந்திய முதல்வர். ரங்பூர் பக்கத்து ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். ஆரணி மாதிரி ஜாகீர்தார் ஆண்ட ஊரில் பிறந்தவனுக்கு ஜமீன் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. 1959ல் அந்தச் சிலை அங்கே நிறுவப்பட்டது. நான்கு ஆண்கள் ஒரு பாறையை நெம்புகிறார்கள். நல்ல சிலைதான். மே தினத்துக்கு நாமும் அங்கே நின்று கோஷம் போட்டிருக்கிறோம்.

ஆனால் இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். கடற்கரையில் உழைப்பு என்பது தசை. முறுக்கிய தொடை, புடைத்த முதுகு. பெண் இல்லை, பிள்ளை இல்லை, நேரம் இல்லை. அந்தப் பாறை யாருக்காக நகர்கிறது, கூலி எவ்வளவு, அவர்கள் வேலை முடிந்து எங்கே போவார்கள் என்று சிலை சொல்லாது. 'உழைப்பின் வெற்றி' என்று ஒரு பெயர் மட்டும் இருக்கிறது. கலா பவனத்தில் உழைப்பு என்பது சங்கு, ஈரத்துணி, பின்னால் வருகிற பிள்ளை. ராய் சௌத்ரி உழைக்கும் உடம்பைப் பார்த்தார். ராம்கிங்கர் உழைக்கும் நாளைப் பார்த்தார். ஒருத்தர் தள்ளி நின்று வியந்தார், இன்னொருத்தர் பக்கத்தில் நடந்தார். இந்த வித்தியாசம் பிறப்பால் மட்டும் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் நானும் 'இயல்பாக வந்தது' கட்சியில் சேர்ந்துவிடுவேன். பிறப்பு எங்கே நின்று பார்ப்பது என்று ஒரு இடத்தைக் கொடுத்தது. பார்த்ததைச் செய்துகாட்டியது பயிற்சி.

ராம்கிங்கர் வாழ்க்கையைச் சொல்கிறவர்கள் தவறாமல் சொல்லும் ஒரு கதை உண்டு. கூரை ஒழுகியது. தன் எண்ணெய் வண்ணச் சித்திரங்களை எடுத்துக் கூரையில் செருகி மழையைத் தடுத்தாராம். கலைஞனின் பித்து, பற்றற்ற ஞானி என்று இதைச் சொல்லிச் சிலாகிக்கிறார்கள். எனக்கு இதில் இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, உலகப் புகழ் பெற்ற நிறுவனத்தில் பாடம் சொன்னவருக்கு ஒழுகாத கூரை இல்லை. இரண்டு, எண்ணெய் வண்ணம் தண்ணீரை விடாது என்று அவருக்குத் தெரியும். ஒழுகுகிற வீட்டில் இருந்தவர்கள் யாரும் இதைப் பித்து என்று சொல்லமாட்டார்கள். நாமெல்லாம் சினிமா தட்டியைக் கூரையில் போட்டவர்கள்தானே.

5

இவ்வளவு சொன்னபிறகு, விட்டுப்போனதையும் சொல்லணும். நம் பத்திரிகைகளில் ஒருத்தரைப் பிடித்துவிட்டால் கோயில் கட்டிவிடுகிற பழக்கம் உண்டு.

'சந்தால் குடும்பம்' என்பது தலைப்பு. எந்தக் குடும்பம்? தாகூருக்கு மார்பளவு சிலை செய்தால் அது தாகூர். சந்தாலுக்குச் செய்தால் சந்தால். ஒரு இனம் முழுசுக்கும் ஒரே முகம். 1855ல் சித்துவும் கானுவும் தலைமை தாங்கி வட்டிக்காரனையும் ஜமீனையும் கம்பெனியையும் எதிர்த்து எழுந்த ஜனம் அது. அந்தக் கலகத்தின் சுவடு இந்தச் சிற்பத்தில் இல்லை. நடக்கிறார்கள், சுமக்கிறார்கள், கண்ணியமாக இருக்கிறார்கள். எதிர்க்கவில்லை. பக்கத்தில் நடந்தவர் கண்ணுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதை ஒரு சந்தால் சிற்பிதான் செய்து காட்டணும். நம் கதையை நாம் எழுதணும் என்று சொல்வதும் இதற்காகத்தான். நமக்கு மட்டும்தான் வலிக்கும் என்பதற்காக அல்ல.

அந்தக் குடும்பத்தைப் பார்த்தபோது எனக்கு ஜவ்வாது மலை ஞாபகம் வந்தது. எங்கள் மாவட்டம்தான். அங்கேயிருந்து இப்படித்தான் மூட்டையும் பிள்ளையுமாக வேலைக்கு இறங்கிப் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரக் காவல்துறை 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. அதில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள். அந்தக் குடும்பங்களுக்கு யாரும் சிலை வைக்கவில்லை. ராம்கிங்கரின் சந்தால் எங்கே போகிறான் என்று கேட்டால் என்னிடம் இருக்கிற பதில் இதுதான்.

6

சாந்திநிகேதனில் கலா பவனம் 1919ல் தொடங்கியது. மூன்று வருஷம் கழித்து 1922ல் பக்கத்துச் சுருலில் ஸ்ரீநிகேதன் தொடங்கியது. அது கிராமப் புனரமைப்புக்கு. நெசவு, மரவேலை, தோல்வேலை அங்கே. நந்தலால் போஸ் மாதிரி ஆட்கள் இரண்டுக்கும் நடுவே சுவர் வேண்டாம் என்று உழைத்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனாலும் இந்தப் பக்கம் செய்தால் கலை, அந்தப் பக்கம் செய்தால் கைத்தொழில் என்ற பிரிவினை நின்றது. சாந்திநிகேதன் தோல்பை இன்றைக்குப் புவிசார் குறியீடு பெற்ற பொருள். படித்த மேல்சாதிக்காரர் தோளில் அது ரசனையின் அடையாளமாகத் தொங்குகிறது. எங்கள் வட ஆற்காட்டில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் ஊறவைக்கிற தொட்டியில் இறங்கி நிற்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். தோல் அதேதான். பூ வரைந்தால் கலை, சுண்ணாம்பில் ஊறினால் தீட்டு.

ஆரணிப் பட்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. ஊர்ப் பெயர் கிடைத்துவிட்டது. சேலையில் கடைப் பெயர் இருக்கும். நெய்தவர் பெயர் எங்கேயும் இருக்காது. கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம், மூன்று நாடா. ஒவ்வொரு ஊடைக்கும் கரை நூலும் உடம்பு நூலும் கை கோத்துக்கொள்ளணும். ஒன்று தப்பினால் கரை பிளந்துகொண்டு வரும். என் சித்தப்பா கூலித்தறி நெய்தவர். எத்தனை இழை தூக்கினால் எந்தப் பூ விழும் என்று பேப்பர் இல்லாமல் சொல்வார். முன்பணக் கணக்கில் மட்டும் அவரால் ஒருநாளும் ஜெயிக்க முடியவில்லை. கரை நாடா எறியப் பக்கத்தில் ஒரு பிள்ளை உட்காரணும். அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போச்சு. கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி 1996ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் பட்டுத் தொழிலும் வந்தது.

நெசவு என்றால் இன்ன இன்ன சாதி என்று ஊரில் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் நமக்கு இடம் கிடையாது. ஆனால் தமிழகத்தின் பட்டியல் சாதிகளில் கோலியர் என்று ஒரு பெயர் இருக்கிறது. அவர்கள் நெசவாளர்கள். நெய்தும் தீண்டத்தகாதவர்கள். பறை அடிப்பது மாதிரி நூல் நூற்பதும் நெய்வதும் நமக்குத் தெரிந்த வேலைதான். தெரிந்தது என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

7

இது நம்மூர்க் கதை மட்டுமல்ல. கரீபியன் கடலில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் தேசியக் கலைக்கூடம் இருக்கிறது. அங்கே கப்போ என்று அறியப்பட்ட மல்லிக்கா ரெனால்ட்ஸ் (1911-1989) என்பவரின் மரச்சிற்பங்களுக்கும் ஓவியங்களுக்கும் தனி அறை ஒதுக்கினார்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழியில் வந்தவர், கறுப்பின மக்களின் ரிவைவல் சபைத் தலைவர். எந்தக் கலைப் பள்ளியிலும் படிக்காதவர். இப்படிப்பட்டவர்களை முன்பு ஆதிகாலத்துக் கலைஞர்கள் என்று இளக்காரமாகச் சொன்னார்கள். அது தப்பு என்று கலைக்கூடத்தின் டேவிட் பாக்ஸர் ஒரு புதுப்பெயர் வைத்தார்: உள்ளுணர்வுக் கலைஞர்கள். 1979ல் 'உள்ளுணர்வுக் கண்' என்ற பெயரில் கண்காட்சியே நடந்தது. நல்லெண்ணத்தில் வைத்த பெயர்தான். ஒரு ஏழைக் கறுப்பருக்குத் தேசியக் கலைக்கூடத்தில் தனி அறை என்பது சாதாரண வெற்றி அல்ல. ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது. படித்த சிற்பிக்கு உளி, நமக்கு உள்ளுணர்வா? மரத்தின் வைரம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாமல் எந்த உள்ளுணர்வும் மரத்தைச் செதுக்காது. பள்ளிக்கூடம் இல்லாமல் கற்றவர் கற்றவர்தான்.

படித்த ராம்கிங்கரை ஆதிவாசி என்றார்கள். படிக்காத கப்போவை உள்ளுணர்வு என்றார்கள். படித்தும் படிக்காமலும் எழுதுகிற நம்மைப் பச்சை என்கிறார்கள். மூன்றும் ஒரே தராசு.

பறையை எடுத்துக்கொள்ளுங்கள். தீ காட்டி எவ்வளவு காய்ச்சினால் எந்தச் சத்தம் எழும், அடிக்குச்சி எங்கே விழணும், சிண்டுக்குச்சி எப்போது இடையில் நுழையணும், சாவு அடி எங்கே சாமிச்சாட்டு அடியிலிருந்து பிரிகிறது என்று பிள்ளைப் பருவத்திலிருந்து உதைபட்டுக் கற்கிற வித்தை அது. கேட்கிறவருக்கு ஆவேசம் மட்டும் கேட்கிறது. ஒப்பாரி வைக்கிற எங்கள் ஆயாவுக்கு எந்த இடத்தில் மூச்சை நிறுத்தினால் கூட்டம் உடையும் என்று தெரியும். அழுதுகொண்டே அந்தக் கணக்கையும் போடுவாள். அழுகை பொய்யா? பொய் இல்லை. கணக்கு இருப்பதால் அழுகை பொய்யாகிவிடாது.

ஆகவே நம் விமர்சகர்களிடமும், முக்கியமாக நம்மிடமும், ஒரு கோரிக்கை. நம் கவிதையையோ கதையையோ தன்வரலாற்றையோ பற்றி எழுதும்போது என்ன கொடுமை நடந்தது என்று மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். கொடுமையை எழுதணும். அதோடு, எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று ஒரு பக்கமாவது எழுதுங்கள். எழுதினவர் ஏன் அந்த இடத்தில் பேச்சுமொழிக்கு இறங்கினார், ஏன் அந்த வசவை மாற்றாமல் விட்டார், ஏன் அந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினார் என்று கேளுங்கள். அவரிடம் பதில் இருக்கும். தவறிய இடம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். கொத்தனாரின் தப்பைக் கொத்தனாரிடம் சொல்வது அவமானம் அல்ல, மரியாதை. தப்பே சொல்லாமல் தட்டிக்கொடுப்பதுதான் அவமானம்.

பல்கலைக்கழகங்களில் தலித் இலக்கியத்தைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். அங்கே படிக்கிற நம் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்வேன். உங்கள் ஆய்வேட்டில் 'பதிவு செய்கிறது', 'வெளிப்படுத்துகிறது' என்ற இரண்டு வினைச்சொற்களையும் ஒரு வருஷத்துக்குத் தள்ளி வையுங்கள். 'செய்கிறது' என்று எழுதிப் பாருங்கள். அடுத்த வரியில் எப்படிச் செய்கிறது என்று சொல்லியாக வேண்டிவரும். சொல்லுங்கள்.